பீலிக்கு வைத்த ரசமட்டம்

தரம் மூன்று கைப்பணிப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்தபோது எனக்கு வயது நாற்பத்தி நான்கு. சான்றிதழில் என் மகளின் பெயர்தான் இருந்தது. ஆனால் அட்டையை அளந்தது நான், வெட்டியது நான், பசையில் விரலை ஒட்டவைத்துக்கொண்டு கத்தியதும் நான். மகளின் பங்கு ஒன்றுண்டு. பசை காயும்வரை பக்கத்தில் தும்மாமல் உட்கார்ந்திருந்தாள்.

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் பிட்டர். கொழுந்து அரைக்கும் ரோலரைப் பூட்டுவது, கழற்றுவது, அது முனகினால் ஏன் முனகுகிறது என்று காது வைத்துக் கேட்பது என் வேலை. கைக்கு ஓரளவு தொழில் தெரியும். மனசுக்குத்தான் எதுவும் தெரியாது. பெல்ட் ஒன்று கொஞ்சம் வித்தியாசமாகச் சத்தம் போட்டாலே தொழிற்சாலை எரிந்து, தோட்டத்தை மூடி, நாங்கள் எல்லாரும் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்பதுவரை ஒரே மூச்சில் யோசித்து முடித்துவிடுவேன். பிறகு போய் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மாவு தடவினால் சத்தம் நின்றுவிடும்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதத் தவணைக்கு ஒரு கைப்பணி உண்டு. வெள்ளிக்கிழமை கொப்பியில் எழுதி வரும். சனிக்கிழமை காலையில் கொட்டகலை பஜாரில் நானாவின் புத்தகக் கடைக்குப் போனால் ஐஸ்கிரீம் குச்சி முடிந்திருக்கும், வெள்ளை ரெஜிபோம் அட்டை முடிந்திருக்கும். வரிசையில் ஒரு பிள்ளையும் இருக்காது. எல்லாம் அப்பாமார். ஒருவர் வாங்குவதை மற்றவர் பார்த்துவிடாமல் சாமானைச் சட்டைக்குள் மறைப்போம். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஓட்டோக்காரர் தீக்குச்சியில் கோபுரம் கட்டுவதில் பெயர் போனவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பிள்ளைகள் இருவரும் ஒன்றாகக் கைகோத்துப் பள்ளிக்கூடம் போவார்கள். நாங்கள் இருவரும் கைப்பணி வாரத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டோம்.

அந்த வருடம் நான் செய்தது, தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்கிற எங்கள் தொழிற்சாலையேதான். நாலு மாடி, எல்லா ஜன்னலுக்கும் வெளிச்சம், மேலே சுற்றுகிற விசிறி. நடுவர் கேட்டால் சொல்ல வேண்டியதையும் மகளுக்குப் போகிற வழியில் பாடமாக்கிக் கொடுத்திருந்தேன். "முதல்ல அட்டைய அளந்தேன் சார். அப்புறம் அளவா வெட்டுனேன் சார். அப்புறம் பெட்டரிக்கு வயர் குடுத்தேன் சார்." ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். நான் பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளையை நினைத்து என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஜன்னல்களை நினைத்துத்தான்.

சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தன் பையைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டுவாள். சான்றிதழ் மறைந்துபோகும். வீட்டில் ஆணி போதவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் பை அந்தப் பழைய ஆணியில்தான் தொங்கியது. பிட்டருக்கு ஆணி தெரியும், அதில் தொங்குவது தெரியாது.

தரம் நான்குக்கு உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒரு டீச்சர் வந்தார். அந்தத் தவணைக் கொப்பியில் வந்த குறிப்பை நான் மூன்று தடவை படித்தேன். நாளாந்தம் பார்க்கிற ஒன்றைச் செய்ய வேண்டும். கடையில் வாங்கிய சாமான் வேண்டாம். பிள்ளைதான் செய்ய வேண்டும், அதற்கு அடிக்கோடு. கண்காட்சியன்று பிள்ளை அதில் ஒரு பாகத்தைக் கழற்றி, எல்லார் முன்னாலும் மறுபடி பொருத்தி, ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

என் மகள் கத்தரிக்கோலைப் பிடித்தால் கோடு ஒரு பக்கம் போகும், காகிதம் ஒரு பக்கம் போகும். இந்த வருடம் அவள் செய்கிறதைப் பார்த்தால் போன வருடம் யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்துபோகும். பள்ளிக்கூட அதிபர் சான்றிதழைத் திருப்பிக் கேட்பார். தொழிற்சாலையில் சிரிப்பார்கள். வழக்கம்போல ரோட்டில் பெட்டி படுக்கை வரை யோசித்துவிட்டு வெளியே வந்தேன். ஓட்டோக்காரரும் வெளியே நின்றார்.

"மச்சான், கொப்பியப் பாத்தியா?"

"பாத்தேன். புள்ளைங்கதான் செய்யணுமாம்."

"அப்ப நாம என்னடா செய்யிறது?"

கைப்பணி வாரத்தில் நாங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசியது அன்றுதான்.

என் மனைவிக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அங்க மூணு வயசுப் புள்ள ஒண்ணு மண்ணக் கொழச்சி என்னமோ செய்யும். என்னா கண்ணு இதுன்னு கேட்டா, இன்னும் தெரியலன்னு சொல்லும். நாங்க அப்படியே விட்டுருவோங்க. நீங்க இருந்தீங்கன்னா அதுக்கு நாலு ஜன்னல் வச்சி லைட்டும் போட்டிருப்பீங்க."

"இது கண்காட்சி. வெளாட்டு இல்ல."

"புள்ளைக்கு வெளாட்டுத்தான். ஒங்களுக்குத்தான் கண்காட்சி."

நான் மகள் பக்கம் திரும்பினேன். "பாப்பா, இந்த வருஷம் ரயில்வே ஸ்டேஷன் செய்வமா? கைகாட்டி ஏறி எறங்குற மாதிரி?"

"நான் பீலி செய்யப் போறேன்."

எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற பீலியைத்தான் சொன்னாள். மலை இடுக்கில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, அது இரவும் பகலும் கல்லில் விழுந்துகொண்டிருக்கும். குளிப்பதும் துவைப்பதும் வாளி நிரப்புவதும் ஊர்ச் செய்தி எல்லாம் பரவுவதும் அங்கேதான்.

"அதுல காட்டுறதுக்கு என்னா இருக்கு?"

"தண்ணி விழும்ல." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, போன வருஷம் அந்த சார்கிட்ட நான் பொய் சொன்னேன். இந்த வருஷம் சொல்ல மாட்டேன். அதனால நீங்க தொடக் கூடாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஒரு வருடமாகப் பை ஏன் அந்த ஆணியில் தொங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "தொட மாட்டேன்" என்றேன். மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "கையக் கட்டிக்கிட்டு இங்க உக்காருங்க. வேடிக்க மட்டும் பாருங்க."

பத்து நாள் அந்த ஸ்டூலில் இருந்தேன். ரோலர் பூட்டுவதைவிடக் கஷ்டமான வேலை அது.

ரோட்டு வெட்டில் இருந்து சிவப்பு மண் கொண்டுவந்து பலகையில் மலை கட்டினாள். அடுத்த நாள் காலையில் மலை பாதி சரிந்து கிடந்தது. நான் வாயைத் திறந்தேன், மனைவி பார்த்தாள், மூடிக்கொண்டேன். மகள் வெளியே போய் மண்மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். புல் முளைத்த இடத்தில் மண் சரியவில்லை, மொட்டையான இடத்தில்தான் சரிந்திருந்தது. மானாப்புல்லைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு பிசைந்து மறுபடி கட்டினாள். அது நின்றது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாதே.

குழாய்க்கு முதலில் பூசணி இலைத் தண்டை வைத்தாள். உள்ளே ஓட்டை இருக்கிறது, அளவும் சரி. பின்னேரம் ஆனதும் அது வாடிச் சுருண்டுவிட்டது. வேலியில் கிடந்த மூங்கிலை அம்மா பிளந்து கொடுக்க, அதன் பாதியை வாய்க்கால் போல வைத்தாள். மலை உச்சியில் பாதியாக வெட்டிய பழைய தண்ணீர்ப் போத்தல், அதன் அடியில் ஒரு ஓட்டை. அதுதான் ஊற்று. தண்ணீரை ஊற்றினால் மூங்கிலில் தேங்கி நின்றது. மூங்கிலின் பின்பக்கத்தை உயர்த்தினாள். இப்போது தண்ணீர் பாய்ந்து, தொட்டியைத் தாண்டி, என் சாரத்தை நனைத்தது.

"கொஞ்சம் எறக்குனா..." என்றேன்.

"அப்பா!"

பெரிய கல், சின்னக் கல், இரண்டு கல், ஒரு கல்லோடு ஓர் இலை என்று மூங்கிலுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எங்கே விழுந்தது என்று கொப்பியில் படம் கீறினாள். பதினோராவது படத்தில் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது. மூங்கிலின் பின்பக்கத்துக்குக் கீழே இருந்தது ஆற்றில் எடுத்த தட்டையான ஒரு கறுப்புக் கல்.

பிறகு ஆட்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் குச்சிகள் கிடக்கும். இரண்டாகப் பிரிகிற குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் கால் இரண்டும் தயார். உரப்பை நூலில் தலைமயிர், தேயிலைச் சாயத்தில் நனைத்த பழைய துணியில் சேலை, யூகலிப்டஸ் காயின் மூடிகள் வாளி. வாளியோடு மூன்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு கட்டையான ஆள் சும்மா நின்றார். அவருக்குக் கை இல்லை.

"இது யாரு பாப்பா?"

"நீங்கதான்."

"கை எங்க?"

"வச்சா எதையாவது தொடுவீங்க."

மனைவி சிரித்த சிரிப்பு பீலிவரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கோயிலுக்கு, அறநெறி வகுப்புக்குப் போனாள். மனைவி துணி துவைக்கப் போனாள். வீட்டில் நானும் ஸ்டூலும் அந்த மலையும் மட்டும். நல்ல வெயில். அந்த வெயிலில் பார்த்தால் மூங்கில் கோணலாக இருந்தது. கண்ணை எடுத்து வேறு பக்கம் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். இன்னும் கோணல். இருபது வருடமாக ரோலர், டிரையர், மோட்டார் என்று எதைப் பூட்டினாலும் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை நான் விட்டதில்லை. அந்த ரசமட்டம் என் வேலைப் பையில்தான் இருந்தது. வைத்துப் பார்ப்பது தொடுவது ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

குமிழி ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

குமிழியைப் பார்த்ததும் பதினொரு படமும் எனக்கு மறந்துபோயின. மண் அமுங்கித்தான் மூங்கில் சாய்ந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். கீழே அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் கல்லை உருவி லீக்ஸ் பாத்தியில் எறிந்தேன். மண்ணை அழுத்தி, மூங்கிலை வைத்து, குமிழி அசையாமல் நடுவில் நிற்கும்வரை சரி செய்தேன். தடவி மெழுகினேன். கையைக் கழுவினேன். அவர்கள் வந்தபோது நான் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு சாமிபடம் போல உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே தண்ணி ஊத்துனா மண்ணு கரைஞ்சிரும். இனி புதங்கெழம கண்காட்சியிலதான்" என்று மகள் ஈரச் சாக்கைப் போட்டு மலையை மூடிவிட்டாள். எனக்குப் பரம சந்தோஷம்.

புதன்கிழமை காலையில் மகளும் மனைவியும் மலையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனார்கள். கண்காட்சி பத்து மணிக்கு. நான் ஒரு நடை தொழிற்சாலைக்குப் போய்விட்டு வரலாம் என்று போனேன். அங்கே தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியைக் கவிழ்த்ததும் தண்ணீர் தானாக ஓடி வடிகால் காணுக்குள் இறங்கியது. அந்தத் தரைக்குச் சாய்வு வைக்கச் சொன்னவனே நான்தான். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் காலில் இருந்து தலைக்கு ஏறியது.

லயத்துக்கு ஓடினேன். லீக்ஸ் பாத்தியில் விழுந்து தேடினேன். தோட்டத்தில் உள்ள கல்லெல்லாம் கறுப்பாகவும் தட்டையாகவும் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எது என்று தெரியாமல் அகப்பட்டதையெல்லாம் காற்சட்டைப் பைகளில் நிரப்பிக்கொண்டு பஸ் பிடித்தேன். கொண்டக்டர் என் காற்சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் காற்சட்டையையும் பிடித்தபடி கொட்டகலையில் இறங்கினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் மகள் ஏற்கெனவே மேசைக்கு முன்னால் நின்றாள். ஓட்டோக்காரர் சுவரோரமாக நின்றார், வலது கை சட்டைப் பைக்குள். "என்னா மச்சான்?" என்றேன். "மக செஞ்ச மண் ஓட்டோ காஞ்சி வெடிச்சிருச்சி. லேசா பசை போட்டேன்" என்று மெதுவாகக் கையை வெளியே காட்டினார். இரண்டு விரல்களும் ஒரு சக்கரமும் ஒன்றாக இருந்தன.

மகள் போத்தலில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் மூங்கிலில் இறங்கியது. அங்கேயே நின்றது. பிறகு பின்பக்கமாக வழிந்து மலையை நனைக்கத் தொடங்கியது. வாளியோடு நின்ற ஒரு பெண் சாய்ந்தாள்.

மகள் அழவில்லை. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூங்கிலின் நீளத்துக்குப் பார்த்தாள். நான் இரும்புத் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான். அதை எப்போது பார்த்துப் பழகினாள் என்று தெரியவில்லை. பிறகு மூங்கிலைத் தூக்கிப் பார்த்தாள். கல் இல்லை. நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். என்னைத்தான்.

நான் பையில் இருந்து ஒரு கல்லை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள். இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் இல்லை. மூன்றாவதை எடுக்கும்போது நாலு கல் தரையில் விழுந்து உருண்டது. மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கை இல்லாமல் நின்ற கட்டை ஆளைப் பிடுங்கி மூங்கிலுக்குக் கீழே படுக்க வைத்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஓடி, விளிம்பில் வளைந்து, தொட்டிக்குள் விழுந்தது. சின்னச் சத்தம்தான், ஆனாலும் எங்கள் பீலியின் சத்தம்.

"ஏன் அத வச்சீங்க மகள்?" என்று டீச்சர் கேட்டார்.

"தண்ணி ஓடணும்னா பின்பக்கம் ஒசரமா இருக்கணும் டீச்சர். ரொம்ப ஒசந்தா தாண்டிப் போயிரும். அந்தக் கல்லும் இந்த ஆளும் ஒரே தடிப்பு." கொப்பியைத் திறந்து பதினொரு படத்தையும் காட்டினாள்.

"அப்ப கல்லு எங்க?"

போன வருடமாக இருந்தால் இந்த இடத்துக்கு ஒரு பதிலை நான் பாடமாக்கிக் கொடுத்திருப்பேன். இப்போது என்னிடம் கல் மட்டும்தான் இருந்தது.

"அப்பா எடுத்துட்டாரு டீச்சர். அவரு கண்ணுல எது பட்டாலும் நேராக்கிருவாரு."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "போன வருஷம் ஸ்டோரும் அப்பாதான் செஞ்சாரு. நான் செய்யல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பயந்துகொண்டிருந்தது அத்தனையும் நடந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், மண்டபம் இடிந்து விழவில்லை. மகள் மட்டும் பெரிய வாளி ஒன்றை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள்.

"அப்பா முன்னுக்கு வாங்க" என்றார் டீச்சர். "ஏன் அப்படிச் செஞ்சேன்னு சொல்லணும். இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்."

முன்னால் போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கட்டிக்கொண்டேன். "ரோலர் பூட்டும்போது மட்டம் பாக்கணும் டீச்சர். இல்லாட்டி ஆடும். அந்தப் பழக்கத்துல பீலிக்கும் பாத்துட்டேன் டீச்சர்."

"பீலிக்கு மட்டம் பாத்தா?" என்று டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி வராது!" என்று வகுப்பே கத்தியது.

எனக்குப் பின்னால் சுவரோரத்தில் ஓட்டோக்காரர் சக்கரத்தோடு இருந்த கையை உயர்த்தினார். "டீச்சர், நானும் ஒண்ணு சொல்லணும்."

அந்த வருடம் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் ஒரு தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். என் மகளின் தாளில், தண்ணீர் விழும் இடத்தைப் பதினொரு தடவை பார்த்துக் கண்டுபிடித்தாள் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழைய சான்றிதழைச் சுவரில் இருந்து இறக்கச் சொன்னாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் 'அப்பா' என்று எழுதி, கோணலாக வெட்டி, தன் பெயருக்கு மேலே ஒட்டி, திரும்ப மாட்டச் சொன்னாள். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பை இப்போது நான் அடித்த புது ஆணியில் தொங்குகிறது.

கை இல்லாத ஆள் இரண்டு நாள் அடுப்படியில் காய்ந்தார். மகள் அவரை எடுத்து மறுபடி பீலிப் பக்கத்தில் நட்டபோது நான் ஸ்டூலில் இருந்தேன்.

"பாப்பா, இப்பவாவது கை வச்சிரலாமா?"

என்னை ஒரு தடவை பார்த்தாள். குச்சியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு கை" என்றாள்.